பொனான்சாவின் ஊரைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பயணம் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் பெருநகரங்களோடு நின்றுவிடுகின்றன; நெவாடா மாநிலத்து மலைச்சரிவில் உள்ள வர்ஜீனியா சிட்டிக்கும் அவற்றில் இடமளிக்க வேண்டுகிறேன். 1959 முதல் 1973 வரை என்.பி.சி. என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பிய 'பொனான்சா' தொடரில், பென் கார்ட்ரைட்டும் அவருடைய மூன்று மகன்களும் பாண்டரோசா பண்ணையிலிருந்து குதிரையேறி வந்துபோகும் ஊர் அதுவே. என்னைப் போன்ற தீவிர ரசிகர்களை அங்கே இழுத்துச் செல்வது அத்தொடர்தான் என்றாலும், அதன் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் படப்பிடிப்புத் தளங்களிலேயே எடுக்கப்பட்டது. அத்தொடரை ஒட்டி டாஹோ ஏரியருகே 1967-இல் திறக்கப்பட்ட பாண்டரோசா பண்ணைப் பூங்காவும் 2004-இல் மூடப்பட்டுவிட்டது. வர்ஜீனியா சிட்டியோ, 1859-இல் கண்டறியப்பட்ட காம்ஸ்டாக் வெள்ளிப் படிவத்தால் எழுந்த உண்மையான சுரங்க நகரம். மரப்பலகை நடைபாதை கொண்ட அதன் சி தெருவில் நடந்தபோது, இளம் மார்க் ட்வைன் 'டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்' இதழின் செய்தியாளராக அலைந்த ஊர் இது என்ற எண்ணம், கார்ட்ரைட் குடும்பத்தின் நினைவைவிடவும் என்னை நெகிழச் செய்தது. சுரங்க நாள்களின் வர்ஜீனியா - டிரக்கி ரயில்பாதையில் கோல்டு ஹில் வரை இன்றும் சுற்றுலா ரயில் ஓடுகிறது. அதையும் தங்கள் செய்தியாளர் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்