‘வேலையில் நடந்ததா?’ என்று டாக்டர் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், காண்ட்ராக்ட் ஆள். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஆளுக்கொரு பட்டனை அமுக்கினால்தான், தகட்டை அமுக்கும் மேல்பாகம் (ராம்) இறங்க வேண்டும். புரொடக்‌ஷன் ஏறணும் என்று ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கியே வைத்திருந்தார்கள். போன வருடம் நைட் ஷிப்டில் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவிலேயே சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: “டாக்டர் கேட்டா வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுப்பா. செலவை கம்பெனி பாத்துக்கும்.” சீட்டில் அப்படியே ஏறியது. கம்பெனி கேட்டில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு போர்டு உண்டு. மறுநாள் காலை அதில் ஒரு நாள் கூட்டி எழுதியிருக்கிறார்கள். இன்றும் வயிறு எரிகிறது.

அந்த ஒரு வரியால் எவ்வளவு போகிறது தெரியுமா? வீட்டில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவிதான், சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கும் சந்தா நாள் கணக்குப் பார்ப்பார்கள். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பட்டாலும் உண்டு. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீதம் இழப்பு என்று இ.எஸ்.ஐ. சட்ட அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை அதைவைத்துத்தான். விபத்தை ஃபோர்மேனிடம் வாயால் சொன்னாலே போதும், அடிபட்டவருக்காக இன்னொருவரும் சொல்லலாம். காண்ட்ராக்ட் ஆளுக்கும் இது உண்டு.

விரலாவது கண்ணுக்குத் தெரிகிறது. பிரஸ் இரைச்சலில் அவருக்குக் காதும் மந்தமாகிவருகிறது. அதற்கு விபத்து நடந்த தேதி என்று எதுவும் இல்லை, அதனால் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. இரைச்சலால் காது கேளாமை, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. பார்க்கிற டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. நாங்கள் பார்த்த டாக்டரோ என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. வயதானால் அப்படித்தான் என்றார். இவருக்கு வயது 41.

தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளில், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ‘என்ன வேலை, வேலையில் நடந்ததா’ என்று கேட்டு சீட்டில் எழுதட்டும். விபத்து அறிக்கையின் நகல் தொழிலாளி கைக்கு வரட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது, கம்பெனியின் விபத்து ரெஜிஸ்டரை, அக்கம்பக்க ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குத் தையல் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்க்கட்டும்.

ஒரு தொழிலாளியின் மனைவி,
கொரட்டூர், சென்னை