பெரியப்பாவுக்கு, கண்கட்டு அவிழும்வரை

அன்புள்ள பெரியப்பா,

கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பதினோரு நாளாகக் காலை ஐந்தே முக்காலுக்கு நம் குடும்பக் குழுவில் சத்தமே இல்லை. ஒரு சொல், ஒரு சேதி, ஒரு பழைய சினிமா. மூன்றையும் படிக்காமல் பல் தேய்க்கப் போனால் விடிந்த மாதிரியே இருப்பதில்லை. அதனால் இன்றைக்கு ஒரு நாள் உங்கள் கடையை நான் திறக்கிறேன். பெரியம்மா வாசித்துக் காட்டட்டும். நீங்கள் போனைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது.

சொல்: படம்.

சிரிக்காதீர்கள். அகராதியில் படம் என்றால் துணி, சீலை என்றும் பொருள் இருக்கிறது. யானை முகத்துக்குப் போடும் துணியைக் குறள் ‘கட்படாம்’ என்கிறது. மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து பேகன் போர்த்திவிட்டானே, அதற்கும் புறநானூற்றில் ‘படாஅம்’ என்றுதான் பெயர். துணியில் எழுதிய சித்திரம் படம் ஆயிற்று. அப்புறம் காகிதத்தில் எழுதினாலும் கண்ணாடியில் எழுதினாலும் பெயர் போகவில்லை. திரையும் துணிதானே? அப்படியானால் திரைப்படம் என்பது துணிமேல் துணி. “படம் என்பது கொச்சை, திரைப்படம் என்க” என்று போன மாதம் எங்களை அதட்டினீர்கள். அதை வாபஸ் வாங்கிவிடுங்கள்.

சினிமா: காளிதாஸ். இதிலும் உங்களோடு ஒரு வழக்கு உண்டு. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று மட்டும் எழுதி, கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டு முடித்துவிட்டீர்கள். ருசியே அதற்கப்புறம்தான் இருக்கிறது. எச்.எம். ரெட்டி டைரக்‌ஷன். எடுத்தது பம்பாயில், அர்தேஷிர் இரானியின் ஸ்டுடியோவில், இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்டிருந்த செட்டிலேயே. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். கோயில் பூசாரியாக வந்த எல்.வி. பிரசாத் பேசியது இந்தி. நம் வீட்டில் அத்தையும் மாமாவும் பேசிக்கொள்வதைவிட இது ஒன்றும் மோசமில்லை. 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிட்டார்கள். வாயசைப்பு சரியாக விழுந்ததா என்று அங்கே எவருக்கும் கவலை இருந்திருக்காது. திரையிலிருந்து குரல் வந்தது, போதாதா? பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை.

அதோடு சேர்ந்து வந்த பாட்டுகளில் ஒன்று மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. காந்தியின் ராட்டினத்தைப் பாணம் என்று புகழும் பாட்டு. காளிதாசனுக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஊர் பேசியதெல்லாம் பாட்டில் வந்தது, அவ்வளவுதான்.

அதனால் சேதியையும் அந்த வருஷத்திலிருந்தே எடுத்துவிட்டேன். சென்னையில் அந்தப் படம் ஓடியபோது காந்தி இங்கிலாந்தில் இருந்தார், இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்காக. அதற்கு முந்தின மாதம், செப்டம்பரில், லங்காஷயரில் டார்வென் என்ற மில் ஊருக்குப் போனார். நாம் அந்நியத் துணியைப் புறக்கணித்ததும் சேர்ந்து அடித்ததில் வேலை போயிருந்த ஊர்ப்பக்கம் அது. கல்லெறிவார்கள் என்று நினைத்திருப்போம். மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் போட்டோவைப் பெரிது பண்ணிப் பார்த்தேன். எல்லாரும் கோட்டும் ஏப்ரனுமாக நிற்க, நடுவில் இவர் ஒருத்தர் மட்டும் வெள்ளைப் போர்வையோடு, கூச்சத்தோடு சிரிக்கிறார். கட்டு அவிழ்த்ததும் முதலில் அதைப் பாருங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இதை எழுதும்போது உங்கள் ஊர் டூரிங் கொட்டாய்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. காற்றடித்தால் திரை உப்பி எம்.ஜி.ஆர். முகம் பூசணிக்காய் ஆகிவிடும் என்பீர்கள். திரையில் ஒரு இடத்தில் கிழிசலைத் தைத்திருந்தார்களாம், எந்தப் படமானாலும் ஹீரோ கன்னத்தில் அந்தத் தழும்போடுதான் வருவாராம். ஒரு தடவை இடது கன்னம் என்றீர்கள், போன பொங்கலுக்கு வலது என்றீர்கள். எது என்று பெரியம்மாவிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவரும் அந்தக் கொட்டாயில் தரை டிக்கெட் எடுத்தவர்தானே, உங்களை நான் நம்பத் தயாரில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்