துருசடியில் எழுதி வைக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டைய சட்டங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஹமுராபி என்றதும் 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் அதிலும் தொடர்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அவ்வளவுதான் சொல்லித் தந்தார்கள். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற எனக்கு, அவன் சட்டங்களில் இருக்கும் வேறு சில வரிகளே பெரிதாகப் படுகின்றன.

கி.மு. 1792 முதல் 1750 வரை பாபிலோனை ஆண்ட அந்த அரசனின் சட்டங்கள் பொறித்த கல், ஈரானின் சூசாவில் 1901-02 இல் தோண்டி எடுக்கப்பட்டு, இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஏறக்குறைய 282 சட்டங்கள். அவற்றில் 53 தொடக்கம் 58 வரையானவை வரம்பையும் வாய்க்காலையும் மேய்ச்சலையும் பற்றியவை. வரம்பைக் கட்டாமல் அசட்டையாக விட்டு, உடைப்பெடுத்து அயல் வயல்களை வெள்ளம் கொண்டுபோனால், அழிந்த தானியத்தை அவனே ஈடுசெய்ய வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டு, அயலான் வயலில் செய்து முடித்த வேலையை அது அடித்துச் செல்லும்படி விட்டவன், 18 இக்கு (அக்கால நில அளவு) நிலத்துக்கு 10 கூர் (அக்காலத் தானிய அளவு) தானியம் அளக்க வேண்டும். நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 5 புசல்.

சென்ற சிறுபோகத்தில் எனக்கு மேலே வயல் செய்பவர் இரவில் மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மேல் மூலையில் வரம்பு பிய்ந்திருந்தது. விதைத்து ஒரு கிழமைகூட ஆகாத முளைநெல் சேற்றோடு திரண்டு கீழ் வரம்பில் ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீர் பாய்ந்த இடத்தில் மேல்மண் இல்லை. விடயம் எங்கள் கமக்காரர் கூட்டத்துக்குப் போனது. இருவரும் ஒரே ஊர், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். எவ்வளவு கொடுப்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் பேச ஆண் துணை இல்லாத வீட்டுக்கு இரண்டு புசல் விதைநெல் போதும் என்று முடிந்தது. உழவுக்கூலி என் தலையில்.

கட்டாக்காலி மாடுகளால் அழியும் எங்களுக்கு 57ஆம், 58ஆம் சட்டங்கள் இன்னும் நெருக்கமானவை. சொந்தக்காரனிடம் கேளாமல் வயலில் ஆடு மேய்த்த இடையன் 18 இக்குவுக்கு 20 கூர் கொடுக்க வேண்டும். ஆனால் மேய்ச்சல் காலம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக நகர வாயிலில் கொடி சுற்றிய பிறகும் மந்தையை வயலில் விட்டால் 60 கூர். மூன்று மடங்கு! கொடி கட்டியாயிற்று, ஊருக்கே தெரியும். இனித் 'தெரியாது' என்ற பேச்சுக்கு இடமில்லை. நம் போகக் கூட்டத்திலும் மாடு கட்டும் திகதி குறிக்கிறார்கள். குறித்த திகதி கூட்டக் குறிப்புப் புத்தகத்துக்குள் உறங்குகிறது. மாடு வயலுக்குள் நிற்கிறது.

இதற்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முந்திய ஊர்நம்மு என்ற அரசனின் சுமேரியச் சட்டத்திலும், அயலான் வயலை வெள்ளத்தில் ஆழ்த்தியவன் இக்கு ஒன்றுக்கு 3 கூர் வாற்கோதுமை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அளக்கும் படியையும் நிறுக்கும் கல்லையும் சீர்படுத்தினேன் என்று அதன் முன்னுரை சொல்கிறது. அளவை சரியில்லாமல் நட்டஈடு எப்படிச் சரிவரும்?

அந்தச் சட்டங்களை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. ஈடுசெய்ய வழியற்றவனை விற்று, அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்ட கமக்காரர் பங்கிட வேண்டும் என்கிறது 54ஆம் சட்டம். அடிமைக்கு ஒரு நீதி, உயர்ந்தவனுக்கு ஒரு நீதி என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. அந்த அநியாயம் நமக்கு வேண்டாம். தண்ணீர் பாயுமுன்பே, யார் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்து எழுதிவைத்தார்களே, அதுதான் எனக்கு வேண்டும்.

'ஊர் வழக்கம் இருக்கிறது, எழுத்து எதற்கு?' என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைக்கூட 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்து, 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். எழுதாத வழக்கம் பேச வல்லவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதை நான் அனுபவித்தேன்.

வரும் சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் ஒரு காரியம் செய்ய வேண்டும். தண்ணீர் முறை எந்த நாளில் யாருக்கு, மாடு கட்டும் கடைசித் திகதி எது, வரம்பு உடைத்தவரும் மாடு விட்டவரும் ஏக்கருக்கு எத்தனை புசல் தர வேண்டும் என்பவற்றைத் தெளிவான தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு துருசடியிலும், அதாவது தண்ணீர் திறக்கும் மதகடியிலும், பலகை நாட்ட வேண்டும். எங்கள் வாய்க்காலில் வயல் செய்யும் பெண்கள் பலகைக்கும் பெயின்ருக்கும் காசு சேர்க்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பெண் கமக்காரர்,
முத்தையன்கட்டு.