மேசையில் இருந்த பைல்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை நீ சொன்னால்தான் தெரியும். மூன்று கிழமையாகக் கோல் எடுத்தால் "விசாரணை இருக்கு அப்பா, பிறகு கதைக்கிறன்" என்கிறாய். சரி, வேலை இருக்கும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு ஓடாதே.

இங்கே வாடை தொடங்கிவிட்டது. உப்புவெளிக் கடல் கலங்கிக் கிடக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்கிறாள். சீனன்குடா மாமா வந்தால் உன் கதைதான். எங்கள் குடும்பத்தில் முதல் சட்டத்தரணி என்று சந்தையில் மீன் வாங்கும் இடத்திலும் சொல்லிவிட்டு வருகிறார். கேட்க எனக்கும் நெஞ்சு நிறைகிறது.

நீ வந்து நின்ற இரவு மழை அடித்ததல்லவா, ஜன்னலோர மேசையில் இருந்த உன் பைலை நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். அதைப் பற்றி ஒன்று கேட்க நினைத்தேன். பிறகு சொல்கிறேன்.

நீ சத்தியப்பிரமாணம் செய்த அன்று என்னிடம் காட்டினாயே, உச்ச நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், அந்த மெல்லிய புத்தகத்துக்கு நான்தான் பிறவுண் தாள் உறை போட்டேன். நீதிமன்றத்தையோ நியாயசபையையோ ஏமாற்றக் கூடாது, கட்சிக்காரன் ஏமாற்றவும் விடக் கூடாது என்று அதில் இருக்கிறது. நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். உனக்கு நினைவிருக்கும்.

நட்டஈட்டு வழக்குகளை நீ எடுக்கத் தொடங்கியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். 1934இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 19ஆம் இலக்கம். வேலையில் காயப்பட்டவன் முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்த விபத்து என்றால் போதும் என்று நீ விளக்கினாய். 5 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்த உச்சத் தொகையை 2022இல் 20 இலட்சமாக்கி, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தபோது இரவு பத்து மணிக்குக் கோல் எடுத்தாய். இப்போது முதலாளிமார் பக்கம் நிற்கிறாய். நிற்கலாம், அவர்களுக்கும் சட்டத்தரணி வேண்டும். வீட்டில் விழுந்து காலை உடைத்துவிட்டு ஆலையில் உடைந்தது என்பவனும் இருக்கிறான். அதை நீ கண்டுபிடித்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குமுன், எழுதியதை அந்த ஆளுக்கு வாசித்துக் காட்டு. அவனுடைய வாயால் திருப்பிச் சொல்லச் சொல்.

மகள், நான் அந்தப் பைலைப் பார்த்துவிட்டேன். பார்த்தது பிழை. கட்டு அவிழ்ந்து தாள்கள் நிலத்தில் விழுந்தன, அடுக்கும்போது கண் போய்விட்டது. மர ஆலைப் பொடியன்கள் மூன்று பேரின் வாக்குமூலம். மூன்றிலும் ஒரே வசனம்: "மரம் அரியும் வாளின் பாதுகாப்புக் கவசத்தை அவர் வேண்டுமென்றே அகற்றினார்." மரம் தூக்குகிற பொடியன் அப்படிச் சொல்வானா? "மூடியைக் கழட்டிப் போட்டான்" என்பான். "வேண்டுமென்றே அகற்றினார்" என்பது சட்டத்தில் இருக்கிற சொல். பாதுகாப்பை வேண்டுமென்றே கழற்றினாலோ, குடிபோதையில் இருந்தாலோ உயிர் போகாத காயத்துக்கு முதலாளி கொடுக்கத் தேவையில்லை என்று நீதான் சொல்லித் தந்தாய். அந்த வசனத்தை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

கேட்க எனக்கு என்ன தகுதி என்றுதான் இத்தனை நாளும் பேசாமல் இருந்தேன். நீ பிறப்பதற்கு முந்திய வருடம், துறைமுகத்தில் கொந்தராத்துக்காரரிடம் தற்காலிகக் கிளார்க்காக இருந்தேன். மூதூரில் இருந்து லோஞ்சில் வேலைக்கு வருகிற ஒருவர், ஐந்து வேளை தொழுகிறவர். வயர்க் கயிறு அறுந்து வலக்கையில் மூன்று விரல் போய்விட்டது. கயிறு நைந்திருக்கிறது என்று முதல் கிழமையே அவர் என்னிடம் சொல்லியிருந்தார். விபத்துப் பதிவேட்டில் நான் அதை எழுதவில்லை. "வேலை நேரத்தில் குடித்திருந்தார்" என்று எழுதினேன். சொல்லி எழுதுவித்தார்கள். ஆனாலும் கை என்னுடையது. சமாதான நீதவானிடம் போய் சத்தியக்கடதாசியும் கொடுத்தேன்.

கொஞ்சக் காசைக் கொடுத்து, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கினார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "கிளார்க் ஐயா எழுதினால் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி இடக்கைப் பெருவிரலை வைத்தார். வலக்கையில் கட்டு. நான் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். நீ படித்தது அந்தச் சம்பளத்தில். குடிகாரன் என்ற சொல்லோடு அந்த மனிதர் தன்னுடைய ஊரில் எப்படி நடந்திருப்பார் என்று நான் நினைக்காத நாள் குறைவு. 2009இல் கிண்ணியாப் பாலம் வந்துவிட்டது, இப்போது பஸ்ஸிலேயே மூதூருக்குப் போகலாம். நான் இன்னும் போகவில்லை. கன்னியாவுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒருநாள் பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

அந்த மூன்று பொடியன்களையும் தனித்தனியாகக் கூப்பிடு. ஆலை முதலாளி பக்கத்தில் இருக்க வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டு. ஓம் என்றால் நான் உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள். இல்லை என்றால் பைலைத் திருப்பிக் கொடுத்துவிடு. கட்டணம் போனால் போகட்டும், வீட்டு வாடகைக்கு என் ஓய்வுக் காசு இருக்கிறது. வாசித்துக் காட்டு மகள்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. மாமா புதன்கிழமை கொழும்புக்கு வருகிறார், எள்ளுருண்டையும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறோம். ஞாயிறு பின்னேரம் அம்மா கோயிலில் இருப்பாள், நான் வீட்டில் தனியாக இருப்பேன். அப்போது கோல் எடு.

அன்புடன்,
அப்பா