பெரியம்மா இன்னும் பூக் கட்டுகிறார்

அன்புள்ள சரசு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே, விரல் மடங்கவில்லை, அதுதான் காரணம். இந்தக் கடிதத்தையும் பாதி வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொண்டது.

எனக்கு முடக்குவாதம். ஆறு மாதமாகவே காலையில் எழுந்தால் இரண்டு கையும் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும், பால் டின்னைக்கூடத் திறக்க முடியாது, ஒன்பது மணிக்கு மேல்தான் விரல் இளகும். முதலில் போன கிளினிக்கில் வயசாகிறது என்று வலி மாத்திரை கொடுத்தே நான்கு மாதம் ஓட்டிவிட்டார்கள். அந்த நான்கு மாதத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை, இந்த நோய்க்கு ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால்தான் மூட்டைக் காப்பாற்றலாமாம். இப்போது பார்க்கிற மூட்டு டாக்டர் ரத்தத்தில் ஆன்டி-சிசிபி பார்த்தார், நம் உடம்பின் சொந்தப் புரதத்தையே எதிர்க்கிற ஒரு பொருள் அது, நிறைய இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வாரத்துக்கு ஒரே ஒரு நாள், போலிக் அமிலம் வேறு நாளில். சரி, என் கதை இவ்வளவுதான்.

அம்மாவின் கை உனக்கு மறந்திருக்காது. நம் இருவருக்கும் சோறு உருட்டிப் போட்ட கை, கடைசியில் கரண்டி பிடிக்க முடியாமல் கோணிப்போனது. போன வாரம் அண்ணி, பாப்பா பக்கத்தில் இருக்கும்போதே, "இது உங்க பரம்பரையில ஓடுற வியாதி" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி பாப்பா தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் வருமாம்மா?" என்றாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது சரசு.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது விடாமல் கேட்டேன். பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு வாய்ப்பு, ஆனால் அப்படி இருந்தும் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்றார். எச்.எல்.ஏ-டி.ஆர்.பி1 என்று ஒரு மரபணு, உடம்புக்குள் எது நம்முடையது எது வெளியாள் என்று, நோயை எதிர்க்கிற காவல்காரனுக்குக் காட்டிக்கொடுக்கிற வேலை அதற்கு. அதில் சில வகைகள் நம்முடைய புரதத்தையே அந்நியன் மாதிரி காட்டிவிடுமாம். நம் மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று பேரிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட இன்னொருவருக்கும் வருவது 100 ஜோடியில் 12 முதல் 15 ஜோடிக்குத்தானாம்!

அதைக் கேட்டதும் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மாவும் அவரும் அச்சு அசல் ஒரே முகம், பத்து நிமிடம்தான் மூத்தவர். 77 வயதில் இன்றைக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு மல்லிகை கட்டிக் கொடுக்கிறார், ஒரு விரல்கூடக் கோணவில்லை. இருவருக்கும் வேறாக இருந்தது வாழ்க்கைதான். அம்மா ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய்ப் பதினாறு வருஷம் துணி ஆலையில் நின்றார், தலைமுடியெல்லாம் பஞ்சோடு வருவார், நீதான் அதை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாய். மலேசியாவிலேயே மையீரா என்று ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. முடக்குவாதம் வந்த 910 பெண்களையும் வராத 910 பெண்களையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள்: துணித் தூசியில் வேலை செய்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்தத் தூசிதான் அம்மாவை முடக்கியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, டாக்டரும் சொல்லமாட்டார். ஆனாலும் பரம்பரை, பரம்பரை என்று எல்லாப் பழியையும் ரத்தத்தின் மேல் போட இனி யாரையும் விடமாட்டேன். பாப்பாவிடமும் பெரியம்மாவின் கையைக் காட்டித்தான் சொன்னேன். கொஞ்சம் தெளிந்துவிட்டாள்.

இப்போது உன்னிடம் வந்த காரணம். தம்பி. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், லாரி ஓட்டும்போது இன்னும் கூட. காலையில் ஸ்டீரிங்கைப் பிடிக்கக் கை வரவில்லை என்று போகிற போக்கில் சொல்கிறான். ஸ்வீடனில் 2006-இல் பார்த்ததில், அந்த மரபணு வகை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து, புகையும் பிடிக்கிறவர்களுக்கு, இரண்டுமே இல்லாதவர்களைவிடச் சுமார் 21 மடங்கு. ஆன்டி-சிசிபி இருக்கிற என் வகை நோய்க்குத்தான் இந்தக் கணக்கு. மரபணுவை யாராலும் மாற்ற முடியாது, சிகரெட்டைக் கீழே போடலாமே. நான் சொன்னால் சண்டைதான் வருகிறது. அந்த மஞ்சள் குடை விஷயத்துக்குப் பிறகு அவன் உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் நீதான்.

வியாழக்கிழமை கெப்போங்கில் சரக்கு இறக்கிவிட்டு உன் ரசத்துக்காகச் செந்தூலுக்கு வருவான். சாப்பிட்டு முடித்ததும் கையை வாங்கி, விரல்கள் தொடங்குகிற கணுக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மெதுவாக அழுத்திப் பார், எனக்கு டாக்டர் அப்படித்தான் பார்த்தார். முகம் சுளித்தால் அவனை அங்கேயே உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

உன்
ஜெலுத்தோங்காரி