செலவு குறைந்த பேய்ப் படங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் சினிமாப் பக்கத்தில் பேய்ப் படம் என்றாலே பெரிய நடிகர்கள் நடித்ததுதான் வருகிறது. சின்னச் செலவில் எடுத்தவற்றையும் சொல்லுங்கள். 'பரநோர்மல் அக்டிவிட்டி' சுமார் 15,000 டொலரில், இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே எடுத்த படம். கமரா கட்டிலைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும், இரண்டு பேர் தூங்குவார்கள், அறைக் கதவு தானாகக் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான், ஆனால் அன்றிரவு நான் கதவைத் தாழ் போட்டுவிட்டும் இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன். அப்புறம் ஜப்பானின் 'ஒன் கட் ஒஃப் த டெட்' (2017). முதல் 37 நிமிடமும் வெட்டே இல்லாத ஒரே ஷொட். நடிப்பு சரியில்லையே என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள், காரணம் பிற்பாதியில்தான் தெரியும். இங்கே ஃபோனில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை