ஒயில் குறைவதற்கு மலை காரணமில்லை: சோதிக்காமல் போட்ட பில்கள் பற்றிய புகார்

அனுப்புநர்: வாகன உரிமையாளர், தலவாக்கலை
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை முகாமையாளர், தலைமை அலுவலகம், கொழும்பு
விடயம்: எஞ்சின் ஒயில் குறைவதைச் சோதிக்காமலே வேலை செய்து பணம் அறவிட்டமை

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இந்த வருடம் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் உங்கள் கம்பனியின் கண்டி சேர்விஸ் கிளைக்கு என் காரை நான்கு தடவை கொண்டு போனேன். நான்கு தடவையும் சொன்னது ஒரே குறை: எஞ்சின் ஒயில் குறைகிறது, எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு தடவைகூட அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. என் புகார் இதுதான்.

அப்பாவுக்கு மாதம் ஒரு முறை கண்டியில் கிளினிக். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய் வருவோம். மார்ச் மாதம் அப்படிப் போகும்போது வட்டவளை தாண்டி இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரிலேயே வந்தேன். கினிகத்தேனை டவுனில் பாதை சமமானதும் எக்சிலேட்டரை மிதித்தேன். கண்ணாடியில் பின்னால் வந்த முச்சக்கரவண்டி தெரியவில்லை, அவ்வளவு நீலப் புகை. ஒரு நிமிடத்தில் அது அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கார் ஆறும் வரை நின்று, ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். நுனியில் ஒரு கறுப்புத் துளி மட்டும். அதற்கு 1,000 கிலோமீற்றருக்கு முன்னர்தான் மேல் கோடு வரை நிரப்பியிருந்தோம். திரும்ப அந்தக் கோடு வரை கொண்டுவர 1.4 லீற்றர் ஊற்ற வேண்டியிருந்தது.

ஒயில் எரிந்தால் வரும் இந்த நீலப் புகையைப் பற்றி உங்கள் சேர்விஸ் ஆலோசகரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலை அட்டையில் அவர் எழுதியது "ஒயில் டொப் அப்" என்ற மூன்று சொல் மட்டும்.

ஜனவரியில் முழு சேர்விஸ் செய்து, கசிவு இல்லை என்று எழுதித் தந்தார்கள். பெப்ரவரியில் டெப்பட் கவர் கேஸ்கட்டை (எஞ்சின் மேல்மூடியில் ஒயில் கசியாமல் வைக்கும் பட்டியை) மாற்றி 28,500 ரூபா எடுத்தார்கள். முதல் மாதம் கசிவே இல்லை என்றவர்கள் அடுத்த மாதம் எந்தக் கசிவுக்காக கேஸ்கட் மாற்றினார்கள்? கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டேன், வீசிவிட்டோம் என்றார்கள். மார்ச்சில் தடிப்பான 10டபிள்யூ-40 ஒயில் ஊற்றி 19,500 ரூபா. அதற்குப் பிறகு விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரத்துக்கு டெப்பட் சத்தம் வேறு கேட்கத் தொடங்கியது. ஏப்ரலில் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஒயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 485,000 ரூபா ஆகும் என்று மதிப்பீடு தந்தார்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், பார்த்தீர்களா என்று கேட்டேன். "மலைநாட்டில் ஓடுகிற வண்டி அப்படித்தான் ஒயில் குடிக்கும்" என்பது பதில்.

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கியரில் பிடித்து இறக்கம் இறங்கும்போது காற்றை உள்ளே விடும் த்ரொட்டில் மூடியிருக்கும், எஞ்சினுக்குள் உறிஞ்சல் கூடும், ஓரளவு ஒயில் உள்ளே இழுபடும். சரி, அது உண்மை. ஆனால் நல்ல எஞ்சின் அதனால் 1.4 லீற்றரை இழக்காது. உங்கள் ஆலோசகரே காட்டிய கையேட்டில்கூட 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர்தான் உச்ச வரம்பு. எந்த இடம் பழுது என்பதையும் அதே இறக்கம்தான் காட்டிக் கொடுக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். நீண்ட இறக்கம் முடிந்து மிதித்ததும் குபுக்கென்று புகைந்து அடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வால்வு சீல்களை, அதாவது வால்வுத் தண்டு வழியாக ஒயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை.

இதை எனக்குச் சொன்னவர் கொட்டகலையில் சின்ன கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். அவர் முதலில் காருக்கு அடியில் படுத்து சம்ப், முன் சீல், பின் சீல் எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி கம்ப்ரெஷன் பார்த்தார், நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி பார்த்தபோதும் பெரிதாக ஏறவில்லை, ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தாலும் ஒயில் ரிங் கரி பிடித்து ஒட்டியிருக்க இடமுண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. "அதனால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்" என்றார்.

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் குழாய்க்கு) விடும் பீ.சீ.வீ வால்வைக் கழற்றி என் காதருகில் ஆட்டினார். நல்லதென்றால் கிலுகிலு என்று சத்தம் கேட்க வேண்டும், அதில் எதுவும் கேட்கவில்லை. ஊதினால் இரண்டு பக்கமும் காற்றுப் போனது. பிசின் ஏறித் திறந்தபடியே ஒட்டியிருந்த அந்த வால்வு வழியாகத்தான் ஒயில் ஆவியும் ஒயிலும் இன்டேக்குக்குள் போயிருக்கின்றன. புதியதுக்கு 4,800 ரூபா. ஒயிலையும் கையேட்டில் உள்ள தரத்துக்கே மாற்றினார். அடுத்த 1,000 கிலோமீற்றரில் 600 மில்லிலீற்றர் மட்டுமே குறைந்தது. ஆனால் இறக்கம் முடிந்ததும் வரும் புகை போகவில்லை.

அப்புறம்தான் வால்வு சீலில் கை வைத்தார். பிளக் துளை வழியாக நைலோன் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே ஏற்றி வால்வைத் தாங்க வைத்து, ஹெட்டைக் கழற்றாமலே மாற்றினார். கழற்றிய சீல்களை என் கையில் தந்தார். ரப்பராக வளைய வேண்டியவை புளியங்கொட்டை மாதிரி இறுகியிருந்தன, ஒன்றை நகத்தால் அழுத்தியதும் உடைந்தது. கூலியோடு 32,000 ரூபா. அதன் பிறகு 1,000 கிலோமீற்றர் ஓடி அளந்ததில் 150 மில்லிலீற்றர்தான் குறைவு. கினிகத்தேனையில் புகையும் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது இருக்கிற காரைக் கட்டிக் காப்பாற்றியவர்கள் நாங்கள். இறக்குமதி திறந்த பிறகும் புதுக் கார் ஒரு ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் தூரத்தில் இல்லை. அதனால்தான் கம்பனி நிலையம் என்று நம்பி 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருகிறோம். ஒயில் இல்லாமல் வளைவுகளில் எஞ்சின் இறுகி நின்றிருந்தால் உள்ளே இருந்தது நோயாளியான என் அப்பா. சிவப்பு விளக்கு எரிவது ஒயில் அழுத்தம் விழுந்த பிறகுதான் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா?

தேவையில்லாத கேஸ்கட்டுக்கும் தடிப்பான ஒயிலுக்கும் எடுத்த 48,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். பிஸ்டன் ரிங் பழுது என்று என் காரின் பதிவில் ஏற்றிய குறிப்பை எழுத்து மூலம் நீக்குங்கள், நாளை காரை விற்கப் போனால் அது என் விலையைக் குறைக்கும். ஒயில் குறைகிறது என்று யார் வந்தாலும் முதலில் மேல் கோடு வரை நிரப்பி, மூடியையும் வடிகால் போல்ட்டையும் முத்திரையிட்டு, கிலோமீற்றரைக் குறித்து, 1,000 ஓடிய பிறகு அளந்து பார்க்கும்படி கண்டிக் கிளைக்கு உத்தரவிடுங்கள். வேலை அட்டையைத் தமிழிலும் கொடுக்கச் சொல்லுங்கள். பெப்ரவரியில் அப்பா என்னவென்று தெரியாமல்தான் ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நான்கு வேலை அட்டைகள், பில்கள், 485,000 ரூபா மதிப்பீடு, கொட்டகலை கராஜின் ரசீதுகள், நான் எழுதி வைத்த ஒயில் அளவுகள் எல்லாவற்றின் பிரதிகளையும் இணைத்துள்ளேன். பழைய வால்வும் சீல்களும் என்னிடம் இருக்கின்றன, உங்கள் பொறியியலாளர் வந்தால் காட்டுவேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இதே கோவையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்
தலவாக்கலை